வாசகர் கேள்வி – பதில்: துயரத்தில் ஏன் மனம் தங்கிவிடுகிறது?

கேள்வி: பல்லாண்டுகள் ஆசிரியப் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் உடன் பணியாற்றியவர்களும் பழைய மாணவர்களும் மாலை முழுவதும் என்னைப் பற்றி நெகிழ்ந்து பேசினார்கள். ஒருவர் மட்டும், "இவரிடம் படித்தவர்கள் பாடத்தைக் கற்றார்களோ இல்லையோ, பயத்தை நன்றாகக் கற்றார்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அமர்ந்தார். அரங்கமும் சேர்ந்து சிரித்தது. அன்றிரவு முதல் என் காதில் ஒலித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். மற்றவர்கள் பேசியதில் ஒன்றைக்கூட முழுமையாக நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கடந்துவந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தாலும் இதே கதைதான்: நல்லவை பல நடந்தன என்பது தெரிகிறது, ஆனால் மனம் போய் நிற்கும் இடமோ அவமானமும் இழப்பும்தான். இன்பத்தை விட்டுவிட்டுத் துன்பத்தையே ஏன் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? உள்ளூர நாம் துன்பத்தை விரும்புகிறோமா?

– ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பலர் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் இடம் அதுதான். துன்பத்தை யாரும் விரும்புவதில்லை. பல் வலிக்கும் இடத்திற்கு நாக்கு தானாகப் போவதைப் பார்த்து, நாக்குக்கு வலி பிடிக்கும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அங்கே ஏதோ சரியாக இல்லை என்பதால் அது போகிறது. மனமும் அப்படித்தான். முடிந்துவிட்டதாகக் கருதும் காரியத்தை அது கீழே வைத்துவிடுகிறது. முடியாததாகக் கருதும் காரியத்தை மீண்டும் மீண்டும் கையில் எடுக்கிறது. மகிழ்ச்சி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. வந்தவுடனேயே நிறைவு பெற்றுவிடுகிறது. துயரமோ ஒரு கேள்வியோடு வருகிறது. "அவர் ஏன் அப்படிச் சொன்னார்? உண்மையிலேயே நான் அப்படித்தான் இருந்தேனா? அரங்கம் ஏன் சிரித்தது?" இவற்றுக்கு விடை கிடைக்காதவரை, மனத்தின் கணக்கில் அந்த மாலை இன்னும் முடியவில்லை.

தீயதற்கு நல்லதைவிட எடை அதிகம் என்பது உங்கள் ஒருவருடைய அனுபவம் மட்டும் அன்று. 2001-ஆம் ஆண்டு ராய் பாமெய்ஸ்டர் உள்ளிட்ட உளவியலாளர்கள் நால்வர், உறவு, உடல்நலம், நினைவு, கற்றல் எனப் பல துறைகளில் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஒரே திசையில்தான் சான்றுகள் அமைந்திருந்தன: ஒரே அளவுள்ள நன்மையும் தீமையும் நேரும்போது தீமையே ஆழமாகப் பதிகிறது, நீண்ட நேரம் சிந்திக்கப்படுகிறது. பணத்தைப் பொறுத்தவரை இதே உண்மையை டேனியல் கானமென், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இலேயே எழுதியிருந்தார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தோற்றால் 100 இழக்க வேண்டும் என்றால், வென்றால் 200 அளவுக்காவது கிடைக்க வேண்டும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள். அதாவது இழப்பின் வலி, பெறுவதன் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இருமடங்கு. ஆபத்தைத் தவறவிட்டால் உயிரே போகலாம், நல்வாய்ப்பைத் தவறவிட்டால் மற்றொன்று வரலாம் என்ற நிலையில் நெடுங்காலம் வாழ்ந்த உயிரினம் நாம் என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு அமைந்திருக்கக்கூடும் என்பது வழக்கமான விளக்கம். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இரவு உறக்கம் வராமல் படுத்திருப்பவருக்கு அந்த விளக்கத்தால் பெரிய ஆறுதல் கிடைப்பதில்லை. எனவே அதைக் கடந்து மேலே செல்வோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது மற்றொன்று. 2005-இல் திமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நூலகத்தில் இருந்தவர்களிடம் ஒரு நாணயம் ஒட்டிய சிறு அட்டையை எதிர்பாராத விதமாகக் கொடுத்துவிட்டுச் சென்றார்கள். சிலருக்குக் கிடைத்த அட்டையில் இது ஏன் தரப்படுகிறது என்று விளக்குவதுபோலச் சில சொற்கள் இருந்தன. வேறு சிலருக்குக் கிடைத்ததில் அந்த விளக்கம் இல்லை. சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தபோது, விளக்கம் கிடைக்காதவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். விளக்கம் கிடைத்தவர்களின் மனம் "சரி, இதற்காகத்தான்" என்று அந்த நாணயத்தை ஓரமாக வைத்துவிட்டது. நமக்கு நேரும் நல்லவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாம் உடனுக்குடன் விளக்கம் வைத்திருக்கிறோம். உழைத்தேன், கிடைத்தது, அன்பு காட்டினேன், அன்பு திரும்பியது, விழா என்றால் பாராட்டத்தான் செய்வார்கள். அந்த மாலையில் உங்களைப் பாராட்டியவர்களின் சொற்கள் உங்கள் நினைவில் தங்காததற்கு அவர்களுடைய அன்பின் குறைவு காரணம் அன்று. அவை நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் வந்து எதிர்பார்த்தபடி பொருந்திவிட்டன. அந்த ஒருவருடைய சொல் மட்டும் பொருந்தவில்லை, ஆகவே அது உறுத்திக்கொண்டிருக்கிறது.

இதோடு மகிழ்ச்சிக்கு எளிதில் பழகிவிடும் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. 1978-இல் பிலிப் பிரிக்மனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், பெருந்தொகை லாட்டரிப் பரிசு பெற்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், இவ்விரண்டும் நேராத சிலரையும் ஒப்பிட்டார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சிற்றுண்டி உண்பது போன்ற அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்களுக்குக் கிடைத்த சுவை குறைந்தே இருந்தது. விபத்துக்குள்ளானவர்களோ தம் பழைய வாழ்க்கையை மிகவும் இனிமையானதாக நினைவுகூர்ந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லா மனிதர்களுக்கும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும் நடந்துகொண்டிருந்தபோது கண்ணில் படாத ஒரு சாதாரண நாள், இழந்த பிறகு ஒளியோடு தெரிவதை நாம் எல்லோரும் அறிவோம்.

அடுத்து, ஒரு துயரம் ஏன் தனியாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்திலேயே, ஒரு மாலையின் ஒரு வாக்கியத்தில் தொடங்கி, சில வரிகளுக்குள் வாழ்க்கை முழுவதற்கும் போய்விட்டீர்கள். 1981-இல் கார்டன் பவர் என்ற உளவியலாளர் விளக்கியபடி, நாம் எந்த மனநிலையில் இருக்கிறோமோ அந்த மனநிலைக்கு ஒத்த நினைவுகளே எளிதில் மேலெழுகின்றன. வருத்தத்தில் இருப்பவர் தம் கடந்த காலத்தைப் புரட்டினால் வருத்தமான பக்கங்களே முதலில் திறக்கும். அவற்றைக் கண்டதும் வருத்தம் மேலும் கூடும். கூடிய வருத்தம் இன்னும் சில பழைய காயங்களை அழைத்து வரும். ஆகவே மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் வாழ்க்கையைப் பற்றிய ஒட்டுமொத்த முடிவு எதற்கும் வராதீர்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் முன் வைக்கப்படும் சான்றுகள் ஒரு தரப்புச் சான்றுகள்.

துயரத்தை எண்ணுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நேர்ந்ததை நினைத்துப் பார்ப்பதால்தான் அடுத்த முறை வேறு வழி தேடுகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம், விலக வேண்டியவரிடமிருந்து விலகுகிறோம். எண்ணம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்கிறதா, செக்குமாடுபோல ஒரே தடத்தில் சுற்றுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்தச் சுழலை ஆழமாக ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சோர்வு வரும்போது என்ன செய்கிறார்கள் என்பதை அவர் 1989-இல் கேட்டுப் பதிவு செய்திருந்தார். அதற்குச் சுமார் இரண்டு வாரங்கள் கழித்து, அக்டோபர் 17 அன்று, அப்பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதன் பிறகு அதே மாணவர்களை மீண்டும் சந்தித்தபோது, தம் சோர்வையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள், ஏழு வாரங்களுக்குப் பின்னும் மற்றவர்களைவிட அதிக மனத்தளர்ச்சியோடு இருந்தார்கள். எல்லோருக்கும் ஆடியது ஒரே நிலம்தான். ஆனால் சிலருக்குள் அது நிற்கவில்லை.

அப்படியானால் சுழலை நிறுத்துவது எப்படி? "நினைக்காதே" என்று மனத்துக்குக் கட்டளையிடுவது பயன்படாது. 1987-இல் டேனியல் வெக்னர் சிலரிடம் வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்கவே கூடாது என்று கேட்டுக்கொண்டார். நினைவு வரும்போதெல்லாம் அவர்கள் மணியடிக்க வேண்டும். மணி ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. பின்னர் கரடியை நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலிருந்தே அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்கு அந்த நினைவு கூடுதலாக வந்தது. உங்கள் உறவினர்களும் நண்பர்களும் "அதையே நினைத்துக்கொண்டிராதீர்கள்" என்று சொல்லியிருப்பார்கள், நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் உங்களால் அது முடியவில்லை என்பதற்காக உங்களை நீங்களே குறைகூறிக்கொள்ள வேண்டியதில்லை.

பயன் தருவது கேள்வியை மாற்றுவது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு எல்லை கிடையாது, எவ்வளவு தோண்டினாலும் இன்னும் ஆழம் இருக்கும். பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் மேற்கொண்ட ஆய்வுகள், பொதுப்படையான "ஏன்" என்பதை விட்டுவிட்டுக் குறிப்பான "எப்படி", "என்ன" என்பவற்றுக்கு வரும்போது சுழல் தளர்வதைக் காட்டுகின்றன. உங்கள் விஷயத்தில் இதைச் செய்துபார்க்கலாம். ஒரு தாளை எடுத்து அந்த மாலை நடந்ததை வரிசையாக எழுதுங்கள்: யார் முதலில் பேசினார், அவர் எந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டார், அடுத்தவர் என்ன சொன்னார், அந்த ஒருவர் எழுந்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது, அவர் அமர்ந்த பிறகு யார் பேசினார். தெரியாத இடங்களை விழாவுக்கு வந்திருந்த ஒருவரிடம் கேட்டு நிரப்புங்கள். அந்த வாக்கியம் இல்லாததுபோல நடிக்க வேண்டாம். அதையும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய அளவில் எழுதுங்கள். பிறகு ஒரு நேர்மையான கேள்வி: நீங்கள் சில மாணவர்களிடம் தேவைக்கு மீறிக் கடுமையாக இருந்ததுண்டா? இருந்ததில்லை என்றால் அது ஒரு மனிதரின் மோசமான நகைச்சுவை, அதற்குமேல் ஒன்றுமில்லை. இருந்தது என்றால், யாரிடம் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரையாவது அழைத்துப் பேசலாம். இரண்டில் எதுவானாலும் அந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்துவிடும்.

நல்லவற்றுக்கோ எதிர்த்திசையில் உழைக்க வேண்டும். அவை அவசரமாக முடிந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றி பாராட்டத்தக்கவற்றை எழுதி வந்தவர்கள், அன்றாடத் தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிடப் பத்து வாரங்களின் முடிவில் தம் வாழ்க்கையை நிறைவாகக் கண்டார்கள். ஆனால் "குடும்பம், உடல்நலம், நண்பர்கள்" என்று பட்டியல் போடுவதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. பழைய மாணவர் ஒருவர் பேசும்போது குரல் எங்கே தடுமாறியது, எந்தப் பாடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார் என்பதுவரை இறங்கி எழுதினால்தான் அந்த நினைவுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. துயரம் நம் மனத்தில் இத்தனை உயிரோட்டத்துடன் நிற்பது அதன் நுணுக்கங்களோடு நிற்பதால்தான். மகிழ்ச்சிக்கும் அந்த நுணுக்கங்களை நாம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் கணவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. அண்மையில் பேரக் குழந்தை செய்த குறும்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த மறுகணமே ஏதோ பெருங்குற்றம் செய்துவிட்டதுபோல நெஞ்சு கனத்தது. அவர் இல்லாத வீட்டில் மகிழ்ச்சியாக இருப்பது அவருக்குச் செய்யும் துரோகம் என்றே தோன்றுகிறது. துயரத்தை விடவும் மனம் வரவில்லை.

– வாசகி ஒருவர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது, துயரத்தை நாம் விடாமல் வைத்திருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. சில துயரங்கள் அன்பு இன்னும் உயிரோடிருப்பதற்கான அடையாளமாக நமக்குப் படுகின்றன. அழுகை நின்றுவிட்டால் அவரும் முழுமையாகப் போய்விடுவார் என்று மனம் அஞ்சுகிறது. இந்த அச்சத்தை அற்பமானதாக நான் கருதவில்லை.

ஆனால் சிரிப்பும் துயரமும் ஒன்றையொன்று வெளியேற்றுபவை அல்ல. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் ஆகிய இருவரும் 1999-இல் முன்வைத்த கருத்துப்படி, பிரிவுத் துயரில் இருப்பவர்கள் இழப்பை நோக்கியும், மீண்டும் வாழ்வதை நோக்கியும் மாறி மாறிச் செல்கிறார்கள். ஒரே நாளில்கூட இது பலமுறை நிகழலாம். இந்த ஊசலாட்டமே இயல்பான துயரம். 1997-இல் டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ ஆகியோர், துணையை இழந்து ஆறு மாதங்கள் ஆனவர்களிடம் மறைந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லிக் கவனித்தார்கள். பேசும்போது இடையிடையே உண்மையாகச் சிரித்தவர்களிடம் மனவேதனை குறைவாக இருந்தது. சிரித்தவர்கள் குறைவாக நேசித்தவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. பலருக்குச் சிரிப்பு வந்ததே மறைந்தவரின் ஏதோ ஒரு குறும்பையோ பழக்கத்தையோ நினைத்துத்தான் இருக்கும். உங்கள் பேரக் குழந்தையின் குறும்பில் உங்கள் கணவர் எதைக் கண்டு சிரித்திருப்பார் என்று அடுத்த முறை அந்தக் குழந்தையிடமே சொல்லுங்கள். அவரை வீட்டில் வைத்திருக்க அழுகை ஒன்றுதான் வழி என்பதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பதினோராம் பதிப்பு, இறப்புக்குப் பின் ஆறு மாதங்களுக்கு மேலாக இடைவிடாத ஏக்கமும் வேதனையும் அன்றாட வாழ்க்கையையே முடக்கிவிடும் நிலையைச் சிகிச்சை தேவைப்படும் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. உங்களால் வாய்விட்டுச் சிரிக்க முடிந்தது என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆயினும் எழுவது, உண்பது, உறங்குவது போன்றவையே பெரும்பாரமாகிவிட்டால், அல்லது நானும் போய்விடலாமே என்ற எண்ணம் தலைகாட்டினால், காத்திராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், வீட்டாரிடமும் மறைக்காதீர்கள். அது துயரத்தின் அளவைக் குறித்த தீர்ப்பு அன்று, காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போன்றதுதான்.

கேள்வி: என் நெருங்கிய தோழி எப்போது பேசினாலும் புலம்பல்தான். நான் ஆறுதல் சொன்னால் மேலும் புலம்புகிறாள்; நல்ல செய்தி ஏதாவது சொன்னால் பேச்சு அறுந்துவிடுகிறது. பேசி முடிக்கும்போது இருவருமே சோர்ந்துபோகிறோம். அவளை விலக்கவும் மனமில்லை. என்ன செய்வது?

– இளம் வாசகி ஒருவர்

பதில்: துயரத்தைப் பகிர்வது மனிதர்களை நெருக்கமாக்குகிறது; மகிழ்ச்சியைப் பகிர்ந்தால் தற்பெருமை என்று நினைப்பார்களோ, பொறாமைப்படுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. நம் உரையாடல்கள் துயரத்தின் பக்கம் சாய்வதற்கு இது பெரிய காரணம். 2002-இல் அமேண்டா ரோஸ் என்ற உளவியலாளர் பள்ளி வயதினரின் நட்பை ஆராய்ந்தபோது, ஒரே பிரச்சினையை இருவரும் சேர்ந்து ஓயாமல் அலசும் நட்புகள் மிக நெருக்கமானவையாகவும், அதே வேளையில் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக உள்ளவையாகவும் இருந்ததைக் கண்டார். உங்கள் இருவருக்கும் நடப்பதும் இதுவே என்று நினைக்கிறேன். உங்கள் அன்பில் குறையில்லை. பேச்சு போகும் தடம்தான் உங்களைச் சோர்வடையச் செய்கிறது.

அவர் சொல்வதை மறுக்காதீர்கள், "எல்லாம் சரியாகிவிடும்" என்றும் சொல்லாதீர்கள். முதலில் முழுமையாகக் கேளுங்கள். கேட்ட பிறகு, ஏற்கெனவே பேசியதையே மறுபடி தொடங்கும் இடத்தில், "சரி, நாளை அவரைச் சந்திக்கும்போது நீ என்ன சொல்லப்போகிறாய்?" என்பதுபோல அடுத்து நடக்க வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். சில சமயம் எரிச்சலடைவார், பொறுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அவர் பேச்சில் தற்செயலாக வந்து விழும் நல்ல செய்தியை நழுவ விடாமல் பிடித்துக்கொள்வது. ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, நாம் சொல்லும் நல்ல செய்தியை எதிரில் இருப்பவர் ஆர்வத்தோடு விசாரிக்கும்போது அந்த உறவு வலுப்படுகிறது. வெறுமனே "நல்லது" என்று சொல்லிக் கடந்துபோகும்போது அப்படி ஆவதில்லை. "இன்று அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை, அதிசயமாகப் பாராட்டினார், ஆனால்…" என்று அவர் அடுத்த புகாருக்குத் தாவும்போது, அந்த "ஆனால்" என்பதற்கு முன்னால் அவரை நிறுத்துங்கள். அதிகாரி எந்த வேலைக்காகப் பாராட்டினார், சரியாக என்ன சொன்னார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். முதல் சில முறை அவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போகலாம், ஏனெனில் அதையெல்லாம் அவர் கவனித்திருக்கமாட்டார்.